பிள்ளையைக் கேட்டார்களா? குழந்தைகள் இல்லங்கள்: அன்றும் இன்றும்

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் குழந்தைகள் இல்லங்களின் வாசலில் முன்பெல்லாம் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். கணவனை இழந்த, அல்லது கணவனால் கைவிடப்பட்ட ஒரு தாய். கையில் துணிப்பை, பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளை. ஊர்ப் பெரியவரிடமோ பாதிரியாரிடமோ வார்டு கவுன்சிலரிடமோ வாங்கிவந்த சிபாரிசுக் கடிதம் ஒன்று மடித்து வைத்திருப்பார். நிர்வாகி தடித்த பதிவேட்டை எடுத்துப் பெயர், ஊர், சாதி, வகுப்பு எல்லாம் எழுதிக்கொள்வார். தாய் கையெழுத்தோ கைநாட்டோ போடுவார். பிள்ளையின் தலையைத் தடவி, "நல்லா படி சாமி, லீவுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடப்பார். அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அந்தப் பிள்ளைக்கு அதுதான் வீடு. அங்கே இருக்கச் சம்மதமா என்று பிள்ளையைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. அந்தத் தாய்க்கு மாதம் கொஞ்சம் பணம் கிடைத்தால் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்வாரா என்று கேட்டவரும் இல்லை.

அந்தக் காலத்தில் ஓர் இல்லம் நல்ல இல்லமா என்பதற்கு மக்கள் வைத்திருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று: நடத்துகிறவர் நல்லவரா? நல்லவர் என்று பெயர் வாங்கிவிட்டால் அதற்கு மேல் எதையும் விசாரிப்பது அவரை அவமதிப்பதாகவே எண்ணப்பட்டது. "சோறு போட்டுப் படிக்க வைக்கிறாரே, இதைவிட என்ன வேண்டும்?" என்பார்கள். ஒரு கூடத்தில் பாய் விரித்து அறுபது பிள்ளைகள் படுப்பார்கள். மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். பேன் தொல்லைக்காகப் பெண் பிள்ளைகளுக்கும் மொட்டை அடித்துவிடுவது பல இடங்களில் வழக்கம். அடித்து வளர்ப்பதைக் கண்டிப்பு என்றார்கள். இதையெல்லாம் கொடுமை என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. இலவசமாகக் கிடைப்பதில் குறை சொல்லலாமா என்பதே பொது எண்ணம்.

நல்லவர்கள் உண்மையிலேயே இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். தேவதாசி முறையிலிருந்து வெளியே வந்த சிறுமிகளுக்கு விடுதிகள் இடம் தர மறுத்தபோது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் வீட்டுக் கதவைத் திறந்தார். 1930களின் தொடக்கத்தில் அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. 1949-இல் காமராசரும் மஞ்சுபாஷிணியும் சேர்ந்து சென்னை தியாகராய நகரில் பால மந்திரைத் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட இல்லங்களில் வளர்ந்து, ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் ஆனவர்களின் தலைமுறைகள் இருக்கின்றன. ஆனால் ஒரு முத்துலட்சுமி ரெட்டியின் மனம் எல்லா நிர்வாகிகளுக்கும் வாய்க்கும் என்று நம்பி நாம் பல பத்தாண்டுகளை ஓட்டிவிட்டோம். நல்லவர் நடத்திய இல்லம் அவருக்குப் பின் யார் கைக்குப் போனது, இரவில் பிள்ளைகளோடு யார் தங்கினார் என்பவற்றைக் கேட்க ஓர் ஏற்பாடும் இருக்கவில்லை.

சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியதில் இந்திய மாகாணங்களிலேயே சென்னைதான் முதல். சென்னைக் குழந்தைகள் சட்டம் வந்த ஆண்டு 1920. வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் பின்தொடர்ந்தன. நூறாண்டுக்கு முன்பே பிள்ளைகளைப் பெரியவர்களின் சிறையிலிருந்து பிரித்த பெருமை நமக்கு உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தின் கண் பெரும்பாலும் அரசின் பொறுப்பில் இருந்த பள்ளிகள் மீதும், குற்றம் செய்ததாகப் பிடிபட்ட அல்லது தெருவில் திரிந்த பிள்ளைகள் மீதும் இருந்தது. அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்துகொண்டு தனியார் நடத்திய ஆயிரக்கணக்கான இல்லங்கள் அதன் பார்வைக்கு வெளியே வளர்ந்தன. கணக்கு வழக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சட்டம் அவற்றுக்கு இருந்தது. பிள்ளை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் சட்டம் இல்லை. 1986-இல் நாடு முழுமைக்குமான இளைஞர் நீதிச் சட்டம் வந்தது. 1992-இல் ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. 2000-இல் அந்தச் சட்டம் புதிதாக எழுதப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் தனியார் இல்லங்கள் எல்லாம் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற விதி 2006-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பு ஆழிப்பேரலை வந்திருந்தது. தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்காக அரசு நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா காப்பகத்தைத் திறந்தது. ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை போட்டது. அது நல்ல பக்கம். மறுபக்கத்தில், கடற்கரையோரம் நன்கொடை பெருகிய அந்த ஆண்டுகளில் யார் வேண்டுமானாலும் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, பலகை மாட்டி, இல்லம் தொடங்கிவிடலாம் என்ற நிலை இருந்தது. 2007-இல் மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவதைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் போனது. அந்தக் கடிதமே வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது குறித்த வழக்கு என்றே அதற்குப் பெயர். பெயரில் நம் மாநிலம் இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கூசுகிறது.

வழக்கு நடந்துகொண்டிருக்கையில் 2010-இல் இன்னொன்று வெளிச்சத்துக்கு வந்தது. மணிப்பூர், அசாம் மாநிலங்களிலிருந்து படிக்க வைப்பதாகச் சொல்லிக் கூட்டிவரப்பட்ட 76 பிள்ளைகள் கன்னியாகுமரி மாவட்டத்தில் மீட்கப்பட்டார்கள். நாட்டின் ஒரு கோடியில் பிறந்த பிள்ளையை மறு கோடிக்குக் கொண்டுவந்து, அதன் மொழி அறியாதவர்கள் நடுவே வைத்திருக்கிறார்கள்; இத்தனை தூரம் வந்தும் வழியில் எந்த அலுவலகமும் எதுவும் கேட்கவில்லை. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் படிப்புக்கென்று வெளி மாநிலம் அனுப்பக் கூடாது என்று அவ்விரு மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிபதி மதன் லோகூர் அமர்வின் தீர்ப்பு 2017 மே மாதம் வந்தது. நாட்டிலுள்ள எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவாக வேண்டும், இல்லத்துக்கு அனுப்புவது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வேண்டும் என்று அது சொன்னது.

இன்றைக்கு ஓர் இல்லத்தின் தரம் எதனால் அளக்கப்படுகிறது? 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் 2016-இல் வந்த அதன் மாதிரி விதிகளும் படுக்கும் இடத்திலிருந்து தொடங்குகின்றன. ஒரு பிள்ளைக்குப் படுக்கைக் கூடத்தில் 40 சதுர அடி. ஏழு பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குளியலறை. நோயுற்ற பிள்ளைக்குத் தனி அறை, படிக்க நூலகம், ஆலோசகரோடு தனியாகப் பேச ஓர் அறை. சாப்பாட்டுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அதை முதலில் படித்தபோது எழுதியவர்களின் அக்கறை என்னை நெகிழ வைத்தது. நாளொன்றுக்கு அரிசி, கோதுமை, கேழ்வரகு எல்லாம் சேர்த்து 600 கிராம். 16 வயதைத் தாண்டியவர்களுக்கு 700. பருப்பு 120 கிராம், காலையில் பால் 150 மில்லி, கீரையும் காய்களும், தயிர் அல்லது மோர். மஞ்சள்தூளும் புளியும் இஞ்சியும் பூண்டும் ஆளுக்கு 5 கிராம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். "இருப்பதைப் போடுகிறோம்" என்று ஒரு நிர்வாகி இனிச் சொல்ல முடியாது. பிள்ளைக்கு வளரும் வயதில் இவ்வளவு தேவை, அதைத் தருவது கடமை, பருப்பு குறைந்தால் கேட்கலாம் என்று எழுத்தில் ஏறிவிட்டது.

அதைவிடப் பெரிய மாற்றம், பிள்ளை உள்ளே நுழையும் வழியில் நடந்திருக்கிறது. சிபாரிசுக் கடிதத்தோடு நேரே இல்லத்து வாசலுக்கு வருவது சட்டப்படி முடியாது. தனித்து விடப்பட்ட பிள்ளை யார் கையில் கிடைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவில் பெண் ஒருவராவது இருக்க வேண்டும். சமூகப் பணியாளர் பிள்ளையின் வீட்டுக்குப் போய் விசாரித்து அறிக்கை தர வேண்டும். அதன் பிறகே இல்லமா, உறவினரா, வேறு ஏற்பாடா என்பதைக் குழு முடிவு செய்யும். இல்லத்துக்குள்ளேயும் பிள்ளைகளே வயதுவாரியாகக் குழு அமைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. புகார்ப் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். அதை இல்லப் பொறுப்பாளர் தனியே திறக்க முடியாது. மேலாண்மைக் குழுத் தலைவரோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து அவர் சார்பில் வருபவரோ வாரம் ஒருமுறையாவது பிள்ளைகளின் குழு முன்னிலையில் திறக்க வேண்டும். அடித்தால் தண்டனை: முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், மறுபடி செய்தால் மூன்று மாதம் வரை சிறை. பதிவு செய்யாமல் இல்லம் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டுமே.

ஏட்டில் இருப்பது நாட்டில் இருக்கிறதா என்றால், இல்லங்களைக் கணக்கெடுக்கவே 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மத்திய அரசு நடத்திய அந்த ஆய்வின் அறிக்கை 2018-இல் வந்தது. நாட்டில் 9,589 இல்லங்கள், அவற்றில் சுமார் 3.7 லட்சம் பிள்ளைகள் என்று அது சொன்னது. இல்லங்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம். பத்தில் ஒன்பதுக்கு மேல் தொண்டு நிறுவனங்கள் நடத்துபவை. இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவானவை வெறும் 32 சதவீதம். இல்லம் நடத்துவது புண்ணியம், அதற்கு அரசிடம் ஏன் அனுமதி கேட்க வேண்டும் என்ற பழைய மனநிலை அவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது. தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கென 2014-இல் இன்னொரு சட்டமும் வந்தது. ஒரே கட்டடத்தை விடுதி என்று சொல்லி ஒரு சட்டத்திலிருந்தும், இல்லம் என்று சொல்லி இன்னொரு சட்டத்திலிருந்தும் நழுவிக்கொண்டிருந்தவர்களுக்கு அதன் பிறகுதான் வழி அடைபட்டது.

பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்கினால் பிள்ளை பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. இதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இன்றைக்கு நிர்வாகிகளும் அதிகாரிகளும் சேர்ந்து விழும் பள்ளம் அதுதான். 2022 அக்டோபரில் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் இல்லத்தில் உணவு நஞ்சாகி 3 சிறுவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டில், குற்றம் செய்ததாகப் பிடிபட்ட சிறுவர்களுக்காக அரசே நடத்தும் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அவனை அடித்ததாக ஊழியர்கள் கைதானார்கள். நூற்றாண்டுப் பழமை கொண்ட சட்ட மரபும், அரசுச் சம்பளம் வாங்கும் ஊழியர்களும், மேலே ஒரு துறையும் இருந்த இடம் அது. அதன் பிறகு அரசு நீதிபதி கே. சந்துருவை இத்தகைய இல்லங்களை ஆராயச் சொன்னது. 2023 நவம்பரில் அவர் அறிக்கை தந்தார். பிள்ளைகளுக்கான இந்த இல்லங்களைத் தனித் துறையாகவே பிரித்து நடத்த வேண்டும் என்பது அவருடைய முக்கியப் பரிந்துரை. அவ்வளவு நாளும் சமூகப் பாதுகாப்புத் துறை என்று இருந்த பெயர் இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை என்று ஆகியிருக்கிறது. பலகை மாறிய வேகத்தில் இரவுக் காவலரின் பயிற்சியும் மாற வேண்டும்.

கண்காணிப்பைப் பற்றிப் பேசும்போது பீகாரின் முசாபர்பூரை விட்டுவிட முடியாது. அங்கே சிறுமிகள் காப்பகம் ஒன்று அரசுப் பணத்தில் நடந்தது. அதிகாரிகள் வருவதும் போவதும் இருந்தது. ஆனால் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு சமூகத் தணிக்கைக்காகப் போய், சிறுமிகளோடு உட்கார்ந்து பேசிய பிறகே உள்ளே நடந்த பாலியல் கொடுமை 2018-இல் உலகுக்குத் தெரிந்தது. 2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களில் அந்த மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தவரும் ஒருவர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரும் ஒருவர். பார்க்க வந்தவர்கள் பதிவேட்டைப் பார்த்தார்கள், தணிக்கைக்கு வந்தவர்கள் சிறுமிகளைப் பார்த்தார்கள். சட்டத்தின்படி ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இல்லத்துக்கு வர வேண்டும். குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் இருக்க வேண்டும். நம் மாவட்டங்களில் இந்தக் குழு சொல்லிவிட்டு வருகிறதா, சொல்லாமல் வருகிறதா? நிர்வாகி பக்கத்தில் நிற்காமல் பிள்ளைகளோடு பேசுகிறதா? இரண்டு கேள்விகளுக்கும் வரும் பதிலே அந்த மாவட்டத்தின் தரம்.

சின்ன இல்லங்கள் நடத்தும் நல்ல மனிதர்களின் ஆதங்கமும் நியாயமானது. பத்துப் பதினைந்து பிள்ளைகளைத் தன் வீட்டுப் பிள்ளைகளாக வளர்த்துவந்த வயதான தம்பதிக்கு, ஆலோசகர், செவிலியர், கணக்காளர் என்று ஆள் போட வழியில்லை. தீயணைப்புத் துறைச் சான்று, கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, சலித்துப்போய் மூடிவிட்டவர்கள் உண்டு. அரசு மானியமோ மாதக்கணக்கில் தாமதமாக வரும். விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. கும்பகோணத்தில் 2004-இல் கூரைக் கொட்டகை தீயில் 94 பள்ளிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த மாநிலம் தீயணைப்புச் சான்றை வெறும் காகிதம் என்று சொல்லவே கூடாது. ஆனால் சான்று கேட்கிற அரசு, அதை வாங்கக் கைகொடுக்கவும் வேண்டும். ஓர் ஆலோசகரை நான்கைந்து சின்ன இல்லங்களுக்குப் பொதுவாக அமர்த்துவது மாவட்ட அலகுக்கு முடியாத காரியம் இல்லை.

இல்லங்களின் தரத்தைப் பற்றி இவ்வளவு பேசிய பின் அடிப்படைக்கு வர வேண்டும். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் மிகப் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களைப் பிரித்தது. ஒரு பிள்ளைக்கு நாம் தரக்கூடிய உயர்ந்த தரம், இல்லத்துக்கு அது போக வேண்டிய தேவையே வராமல் பார்த்துக்கொள்வது. இந்தப் பக்கம்தான் உண்மையான மாற்றம் தெரிகிறது. ஆழிப்பேரலையின்போது அரசு காப்பகம் கட்டியது. கொரோனாவில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 2021-இல் 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதியோடு, உறவினர் வளர்த்தால் மாதம் 3,000 ரூபாய் தர முன்வந்தது. பாட்டியோ சித்தியோ மாமாவோ வளர்க்கட்டும், செலவுக்கு நாங்கள் இருக்கிறோம் என்பது அதன் பொருள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். முன்பு அது 2,000. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்தத் தாய்க்கு இந்தத் தொகை கிடைத்திருந்தால் துணிப்பையோடு வாசலில் வந்து நின்றிருக்க மாட்டார். இப்படி ஒரு திட்டம் இருப்பதே கிராமங்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை என்பது என் அனுபவம். ரேஷன் கடைச் சுவரில் எழுதிப்போட வேண்டிய செய்தி இது.

பதினெட்டு வயது முடிந்தவர்களின் நிலையில் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை பிற்காப்பு உதவி உண்டு என்கின்றன விதிகள். நடைமுறையில் பிறந்தநாள் வந்ததும் பெட்டியைக் கட்டச் சொல்லும் இல்லங்கள் இன்னும் இருக்கின்றன. வாடகைக்கு வீடு பிடிக்க யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், வேலை போனால் திரும்பிப்போக ஒரு வாசல் கிடையாது. நம் வீட்டுப் பிள்ளைகளை இருபத்தைந்து வயதிலும் கைப்பிடித்து நடத்துகிற நாம், இந்தப் பிள்ளைகள் மட்டும் பதினெட்டில் முழு ஆளாகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

பிறந்தநாள், கல்யாண நாள், திதி என்று இல்லங்களுக்குச் சாப்பாடு போடப் போகும் வழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அது நல்ல வழக்கம், விட வேண்டாம். அடுத்த முறை போகும்போது அலுவலக அறையில் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். அது ஐந்து ஆண்டுக்கு மட்டுமே செல்லும், தேதியைப் பாருங்கள். இரவில் பிள்ளைகளோடு யார் தங்குகிறார், புகார்ப் பெட்டி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது திறந்தார்கள் என்று கேளுங்கள். நல்ல நிர்வாகி இந்தக் கேள்விகளை வரவேற்பார். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுக்காதீர்கள். அவர்களை அடையாளம் காட்டும் படத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். ஏதேனும் தவறாகப் பட்டால் 1098-ஐ அழையுங்கள். உங்கள் தெருவில் ஒரு தாய் பிள்ளையை இல்லத்தில் சேர்க்க யோசிக்கிறார் என்று தெரிந்தால், முதலில் அவரை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் நிதி ஆதரவுக்கு மனு எழுதிக் கொடுங்கள்.